கையடக்கக் கணினி மாற்றம் (பாம் ஓ.எஸ்.)

கையடக்கக் கணினி மாற்றம் என்பது, ஓர் இயங்குதளத்தில் பயன்படுத்திவந்த கையடக்கக் கணினியைக் கைவிட்டு வேறோர் இயங்குதளத்தில் இயங்கும் கருவியைத் தேர்ந்தெடுப்பதையும், பழைய கருவியில் சேர்த்துவைத்த தரவுகளைப் புதியதற்குக் கொண்டுசெல்வதையும் குறிக்கும். இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, 2000களில் பாம் ஓ.எஸ். பயனர்கள் வேறு இயங்குதளங்களுக்கு மாறியதாகும். பல ஆண்டுகளாகச் சேர்த்த முகவரிகள், நாட்காட்டிப் பதிவுகள், குறிப்புகள் ஆகியவை ஒரே கருவியில் இருந்ததால், இது புதிய கருவி ஒன்றை வாங்குவதோடு முடிந்துவிடும் வேலையாக இருக்கவில்லை.

பின்னணி

முதல் பாம் பைலட் கருவி 1996ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்தது. அதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் ஜெஃப் ஹாக்கின்ஸ். 160 × 160 படப்புள்ளிகள் கொண்ட ஒரே வண்ணத் திரை, எழுத்தாணி, இரண்டு சிறிய மின்கலங்கள் ஆகியவை அதன் அடிப்படை அமைப்பு. நாட்காட்டி, முகவரி ஏடு, செய்யவேண்டியவை பட்டியல், குறிப்பேடு ஆகிய நான்கு செயலிகளே அதன் உயிர்நாடி. மேசைக் கணினியுடன் இணைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டிலும் உள்ள தரவுகள் ஒத்திசைவு பெறும். இதற்கு ஹாட்சிங்க் என்று பெயர்.

இந்நிறுவனம் பலமுறை கைமாறியும் பிரிந்தும் இணைந்தும் வந்தது. 2003இல் இயங்குதளப் பிரிவு பாம்சோர்ஸ் என்ற தனி நிறுவனமாயிற்று. 2005இல் அதை ஜப்பானின் ஆக்செஸ் நிறுவனம் வாங்கியது. பாம் ஓ.எஸ். கோபால்ட் எனப்பட்ட 6ஆம் பதிப்பு ஆயத்தமான பின்னும், அதில் இயங்கும் கருவி எதுவும் சந்தைக்கு வரவில்லை. கிளியே வரிசையில் பாம் ஓ.எஸ். கருவிகளைத் தயாரித்த சோனி 2005இல் அத்தொழிலிலிருந்து விலகியது. பாம் நிறுவனமே 2006இல் விண்டோஸ் மொபைலில் இயங்கும் ட்ரியோ 700டபிள்யூ கருவியை விற்கத் தொடங்கியது. 2007இல் வந்த சென்ட்ரோவே பாம் ஓ.எஸ். கொண்ட அந்நிறுவனத்தின் கடைசிக் கைபேசி. எனவே பழைய கருவி பழுதானபோது, அதே தளத்தில் புதியதொன்றை வாங்கும் வழி பயனர்களுக்கு மெல்ல மெல்ல அடைபட்டது.

மாற்றுத் தளங்கள்

அக்காலத்தில் பயனர் முன் இருந்த வாய்ப்புகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறைகுறைகள் இருந்தன.

பாக்கெட் பி.சி. / விண்டோஸ் மொபைல்: 2000இல் அறிமுகமானது. திரை பெரியது, வேர்டு, எக்செல் கோப்புகளைக் கையாளும் செயலிகள் உடன்வந்தன. அவுட்லுக் மென்பொருளுடன் ஒத்திசைவது எளிது. ஆனால் அவுட்லுக் பயன்படுத்தாதவர்க்கு அதே இணைப்பு ஒரு சுமை. மின்கலம் வாரக்கணக்கில் நீடித்த பழைய பாம் கருவிக்குப் பழகியவர்கள், இதை அடிக்கடி மின்னேற்ற வேண்டியிருந்தது.

சிம்பியன்: சையான் நிறுவனத்தின் ஈபாக் இயங்குதளத்திலிருந்து வளர்ந்தது. கைபேசியாகச் சிறந்து விளங்கியது.

ஐபோன்: 2007இல் வெளிவந்தது. தொடுதிரையும் இணைய உலாவியும் சிறப்பானவை. ஆயினும் பிறர் எழுதிய செயலிகளைக் கடையிலிருந்து நிறுவும் வசதி 2008 ஜூலையில்தான் கிடைத்தது. வெட்டி ஒட்டும் வசதியும் குறிப்புகளை மேசைக் கணினியுடன் ஒத்திசைக்கும் வசதியும் 2009இல் வந்தன. செய்யவேண்டியவை பட்டியலுக்கான செயலி 2011இல்தான் உடன் வழங்கப்பட்டது. 1996ஆம் ஆண்டுக் கருவியில் இருந்த ஒரு வசதிக்கு ஐபோன் பயனர் 2011 வரை காத்திருக்க நேர்ந்தது.

வெப் ஓ.எஸ்.: பாம் நிறுவனமே 2009 ஜூனில் பாம் பிரீ கருவியுடன் வெளியிட்டது. பெயர் ஒன்றாயினும் பழைய செயலிகள் இதில் நேரடியாக இயங்கா. தனியே வாங்கவேண்டிய கிளாசிக் என்ற போன்மியின் வழியாகவே அவற்றை இயக்க முடிந்தது.

தேர்வின்போது கருதவேண்டியவை

பயன்பாடு: புதிய கருவியின் சிறப்புகளைப் பட்டியலிடுவதற்கு முன், பழைய கருவியில் நாள்தோறும் எதைத் திறக்கிறோம் என்று ஒரு வாரம் குறித்துவைப்பது நல்லது. நிறுவியிருக்கும் பல செயலிகளுள் அன்றாடம் பயன்படுபவை சிலவாகவே இருக்கும். அந்தச் சிலவற்றுக்கு ஈடான செயலிகள் புதிய தளத்தில் உள்ளனவா என்பதே முதல் கேள்வி.

உள்ளீடு: பாம் கருவிகள் கிராஃபிட்டி என்ற ஒருகோட்டு எழுத்துமுறையைக் கொண்டிருந்தன. பழகியவர்கள் திரையைப் பார்க்காமலே அதில் எழுதினர். காப்புரிமை வழக்கொன்றின் விளைவாக 2003இல் அது கிராஃபிட்டி 2 ஆக மாற்றப்பட்டது. ஆகவே அதே தளத்தில் தங்கியவர்களும் மீண்டும் பழகவேண்டி வந்தது. பாக்கெட் பி.சி.யில் கிராஃபிட்டியை ஒத்த எழுத்துகளை ஏற்கும் வசதி ஒன்று இருந்தது. தொடுதிரை விசைப்பலகைக்கு மாறுவோர் சில வாரங்கள் வேகக் குறைவை எதிர்பார்க்க வேண்டும்.

நினைவகம்: பழைய பாம், பாக்கெட் பி.சி. கருவிகளில் மின்கலம் முற்றிலும் தீர்ந்தால் சேமித்தவை அனைத்தும் அழிந்துவிடும். மின்சாரம் இன்றியும் தரவைக் காக்கும் நினைவகம் 2004இல் ட்ரியோ 650, டங்ஸ்டன் டி5 ஆகியவற்றிலும், 2005இல் விண்டோஸ் மொபைல் 5இலும் வந்தது. பயன்படுத்திய கருவியைக் குறைந்த விலைக்கு வாங்குவோர் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

தரவின் வடிவம்: பாம் கருவியில் ஒரு பதிவு ஒரே ஒரு வகைப்பாட்டில்தான் இருக்கும். புதிய தளம் வகைப்பாடுகளையே ஏற்காவிட்டால், வீட்டார், அலுவலகம், வாடிக்கையாளர் என்று பிரித்துவைத்த முகவரிகள் ஒரே நீண்ட பட்டியலாகக் கலந்துவிடும். முகவரியுடன் சேர்த்து எழுதிய குறிப்புகள், பயனரே பெயரிட்ட புலங்கள், ஆண்டுதோறும் திரும்பவரும் நிகழ்வுகள் ஆகியவையும் இடமாற்றத்தில் எளிதில் சிதைபவை. கடவுச்சொல்லால் மறைத்துவைத்த பதிவுகள் உரைக் கோப்பாக ஏற்றுமதி செய்யப்படும்போது யாரும் படிக்கக்கூடிய வெறும் உரையாகிவிடும் என்பதையும் மறக்கலாகாது.

தரவை மாற்றும் முறை

1. பழைய கருவியைக் கடைசியாக ஒருமுறை மேசைக் கணினியுடன் ஒத்திசைத்து, அந்தக் கோப்புறை முழுவதையும் வேறிடத்தில் படியெடுத்துவைக்க வேண்டும்.

2. தேவையற்ற பதிவுகளைப் பழைய மென்பொருளிலேயே நீக்கிவிட வேண்டும். புதிய இடத்தில் குப்பையைப் பிரிப்பது கடினம்.

3. முகவரிகளை விகார்ட், நாட்காட்டியை விகேலண்டர் அல்லது ஐகேலண்டர், குறிப்புகளை வெற்று உரை எனப் பொதுவடிவங்களில் ஏற்றுமதி செய்யவேண்டும். விண்டோஸ் பயனர்கள் பலர் பாம் தரவுகளை முதலில் அவுட்லுக்குடன் ஒத்திசைத்து, அங்கிருந்து புதிய கருவிக்குக் கொண்டுசென்றனர்.

4. பத்துப் பதிவுகளை மட்டும் முதலில் மாற்றிப் பார்க்கவேண்டும். நீண்ட குறிப்பு, திரும்பவரும் நிகழ்வு, பல தொலைபேசி எண்கள் கொண்ட முகவரி ஆகியவை அவற்றுள் இருக்கட்டும்.

5. ஒரே தரவுடன் இரு கருவிகளையும் ஒரே காலத்தில் ஒத்திசைக்கக் கூடாது. ஒவ்வொரு முகவரியும் இரட்டிப்பாவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

6. பழைய கருவியை உடனே விற்றுவிடாமல் ஓரிரு மாதம் வைத்திருக்க வேண்டும். விடுபட்டது எது என்பது தேவைப்படும்போதுதான் தெரியும்.

தமிழ்த் தரவுகள்

திஸ்கி போன்ற 8-பிட் குறியேற்றங்களில் தமிழ்க் குறிப்புகளை வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு படி உண்டு. இவற்றில் தமிழ் எழுத்துகள், மேலை ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய இடங்களில் அமர்ந்திருக்கும். ஒருங்குறியைப் பயன்படுத்தும் தளத்திற்கு அப்படியே மாற்றினால் அவை பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகத் தோன்றும். மேலும், திஸ்கியில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்படுகிறது. ஒருங்குறியில் ககரம் முதலில் வரும். ஆகவே எழுத்துருவை மாற்றினால் போதாது. குறியேற்ற மாற்றி கொண்டு உரையை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே புதிய கருவியில் ஏற்றவேண்டும்.

பின்விளைவுகள்

அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட தளங்களுள் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. 2010இல் பாம் நிறுவனத்தை எச்.பி. 120 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2011 ஆகஸ்டு 18 அன்று வெப் ஓ.எஸ். கருவிகளை நிறுத்துவதாக அறிவித்தது. அதன் டச்பேட் பலகைக் கணினி விற்பனைக்கு வந்து அப்போது ஏழு வாரங்களே ஆகியிருந்தன. 2010இல் வந்த விண்டோஸ் போன் 7இல் பழைய விண்டோஸ் மொபைல் செயலிகள் இயங்கவில்லை. 2011இல் நோக்கியா தன் முதன்மைத் தளமாகச் சிம்பியனுக்குப் பதில் விண்டோஸ் போனைத் தேர்ந்தது. ஐபோனும் ஆண்ட்ராய்டுமே நிலைபெற்றன.

இதனால், எந்தத் தளம் வெல்லும் என்று கணித்து வாங்கியவர்களில் பலர் சில ஆண்டுகளிலேயே மீண்டும் மாறவேண்டியதாயிற்று. தரவைப் பொதுவடிவங்களில் வைத்திருந்தவர்களுக்கு அந்த இரண்டாம் மாற்றம் ஒரு நாள் வேலையாக இருந்தது. மூடிய வடிவத்தில் விட்டுவைத்தவர்கள் முகவரிகளைக் கையால் தட்டச்சிட நேர்ந்தது. எனவே ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, அதற்குள் தரவை எப்படிக் கொண்டுவருவது என்பதோடு, அதிலிருந்து எப்படி வெளியே எடுப்பது என்பதையும் வாங்குவதற்கு முன்பே அறிந்துகொள்வது இன்றியமையாதது.