பாட்டுக்கு முன்னே ஒரு ‘டப்’

எங்கள் தாமான் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் தேவார வகுப்பு நடக்கும். அதற்கான ஆம்ப்ளிபையரைச் செய்து கொடுத்தவன் நான். கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் சாமான் வாங்கி, வீட்டிலேயே ஈயம் பற்றவைத்துச் செய்தது. பாடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் சுவிட்சைத் தட்டியதும் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று ஒரு வெடி. அணைக்கும்போது இன்னொன்று.

சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு பின்வரிசைக்கு ஓடினார்கள். “தம்பி, எனக்கு முன்னாலயே உங்க பெட்டி பாடிடுது” என்று ஆசிரியை அம்மா சிரித்தார். அடுத்த வாரம் பெட்டியைப் போடாமலே வகுப்பை நடத்தினார். எழுபது வயதைத் தாண்டிய தொண்டை கடைசி வரிசைவரை எட்ட வேண்டுமே! அன்றுதான் எனக்கு உறைத்தது.

முதலில் ஸ்பீக்கரை மாற்றினேன். பிறகு வயரை மாற்றினேன். இரண்டும் வீண் செலவு. அதன்பின்தான் முறையாகத் தேட உட்கார்ந்தேன்.

முதல் சோதனை எளிது. மைக், மிக்ஸர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிபையரின் உள்ளீட்டைத் தரைக்கம்பியோடு இணைத்து சுவிட்சைப் போட வேண்டும். சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி முன்னால் இருக்கும் மிக்ஸர். நிற்காவிட்டால் ஆம்ப்ளிபையரேதான். எனக்கு நிற்கவில்லை. அடுத்து, ஸ்பீக்கர் முனையில் மீட்டரை வைத்து நேர்மின்னழுத்தம் பார்த்தேன். சில மில்லிவோல்ட்தான். ஆக, ஐசி பழுதாகவில்லை.

நான் போட்டிருந்தது டிடிஏ7294 என்ற 15 கால் ஐசி. அதில் 9ஆம் கால் ‘ஸ்டாண்ட்பை’, 10ஆம் கால் ‘மியூட்’. முதலாவது ஐசியை உறங்க வைக்கும், எழுப்பும். இரண்டாவது அதன் வாயைப் பொத்தும், திறக்கும். சாமானை மிச்சம் பிடிக்க நான் இரண்டையும் ஒன்றாகக் கட்டி நேரே மின்சாரத்தில் கொடுத்திருந்தேன். சுவிட்சைத் தட்டியதும் ஐசி எழும்போதே வாயையும் திறந்துவிடும். உள்ளே மின்னழுத்தங்கள் நிலைக்கு வருவதற்குள் ஏற்படும் தடுமாற்றம் அப்படியே ஸ்பீக்கருக்குப் போய்விடும். அதுதான் அந்த ‘டப்’. தப்பு ஐசியுடையது அல்ல, என்னுடையது.

வைத்தியம் இதுதான்: முதலில் எழ வேண்டும், பிறகு பேச வேண்டும். அணைக்கும்போது முதலில் வாயை மூட வேண்டும், பிறகு உறங்க வேண்டும். இரண்டு கால்களையும் பிரித்து, 5 வோல்ட் வழியிலிருந்து தனித்தனி மின்தடை, மின்தேக்கி கொடுத்தேன். ஸ்டாண்ட்பைக்கு 10 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட். மியூட்டுக்கு 47 கிலோ ஓம், 47 மைக்ரோஃபாரட். முதலாவது நொடிப்பொழுதில் எழும். இரண்டாவது திறக்க இரண்டு விநாடிக்கு மேல் ஆகும்.

அணைக்கும்போது பெரிய மின்தேக்கிகளில் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கும். அதனால் அந்த 5 வோல்ட்டை அவற்றிலிருந்து எடுக்காமல், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தனி டயோடு, சிறிய மின்தேக்கி வைத்து எடுத்தேன். சுவிட்சை அணைத்ததும் அது உடனே விழும். மியூட் மின்தடைக்குக் குறுக்கே போட்ட இன்னொரு டயோடு அந்த வாயைச் சட்டென்று மூடிவிடும்.

உங்கள் வீட்டில் இருப்பது 12 வோல்ட்டில் ஓடும் சிறிய பெட்டியானால் கதை வேறு. அங்கே ஐசியின் வெளியீடு பாதி அழுத்தத்தில், அதாவது 6 வோல்ட்டில் நிற்கும். ஸ்பீக்கருக்கு முன் இருக்கும் மின்தேக்கி அந்த 6 வோல்ட்டை நிரப்பிக்கொள்ளும்போது, நிரப்பும் மின்சாரம் ஸ்பீக்கர் வழியாகத்தான் ஓடும். அந்தத் தள்ளலே சத்தம். ஸ்பீக்கரை இரண்டு மூன்று விநாடி தாமதித்து இணைக்கும் ரிலே பலகை ஒன்று போட்டால் அணைந்துவிடும். ஆனால் ஸ்பீக்கர் பக்க முனைக்கும் தரைக்கும் இடையே 1 கிலோ ஓம் மின்தடை வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் மின்தேக்கி நிரம்ப வழியில்லாமல், ரிலே இணையும்போது அதே ‘டப்’ வரும்.

ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கினாலும் பெட்டிக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். மீட்டரால் அளந்து பார்த்த பிறகே கை வையுங்கள். வீட்டு மின்சாரம் வரும் பக்கம் பழகாதவர்கள் தொடவே வேண்டாம்.

சென்ற ஞாயிறு ஒரு சிறுமி ஒரு காதைப் பொத்திக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள். சத்தமே இல்லை.

“அங்கிள், கெட்டுப்போச்சா?” என்று கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் ஆசிரியை அம்மாவின் குரல் கடைசி வரிசைவரை வந்துவிட்டது.