பின்னச்சின் ஓசை

2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸிடர் வண்டியைச் சில குடும்பங்கள் இன்னும் பேணி வருகின்றன. வயது ஏறிய வண்டிக்கு இரண்டு உபத்திரவங்கள் உண்டு. கிளட்சை விட்டதும் பின்புறத்தில் 'டக்' என்னும் ஓசை ஒன்று. விசையாகக் கிளப்பினால் பின்சக்கரங்கள் துள்ளுவது மற்றொன்று. உடனே, "டிபரன்ஷியல் போயிற்று" என்று தீர்ப்புக் கூறிவிடுவார்கள்.

டிபரன்ஷியல் என்பது யாது? வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டுமன்றோ? அதற்கு இடங்கொடுக்கும் பற்சக்கரக் கூட்டமே அது. பற்களிடையே எண்ணெய் நிற்கச் சிறிது இடைவெளி அவசியம். ஆகையால் அற்ப ஆட்டம் குற்றமன்று.

சமதரையில் எஞ்சினை நிறுத்தி, கியரை நீக்கி, கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். பிறகு நீண்ட புரொப்பல்லர் தண்டைக் கையால் இருபுறமும் திருகுங்கள். தண்டு மட்டும் அசைந்து, டிபரன்ஷியலின் முகப்பு அசையாதிருந்தால் குற்றவாளி யுனிவர்சல் ஜாயிண்டே. முகப்பும் சேர்ந்து மிகுதியாக ஆடினால்தான் டிபரன்ஷியலைச் சந்தேகிக்கலாம்.

துள்ளலின் காரணம் வேறு. பின்னச்சைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்குகள் இழுவிசையால் முறுக்கேறி, சட்டென்று விடுபடுகின்றன. டயர் தரையைப் பற்றுவதும் வழுக்குவதுமாகத் துள்ளுகிறது. தளர்ந்த யூ போல்ட்டு, தேய்ந்த ரப்பர் புஷ், சோர்ந்த ஷாக் அப்சார்பர் ஆகியவை இதை வளர்க்கும். அவற்றை மாற்றச் செலவு சொற்பமே.

அசட்டையாக விட்டாலோ, ஒவ்வொரு துள்ளலும் பற்சக்கரங்களைச் சம்மட்டிபோல் அறையும். பழி சுமந்த டிபரன்ஷியல் அப்போது மெய்யாகவே கெடும். ஆதலால் பெட்டியைப் பிரிக்குமுன் போல்ட்டையும் புஷ்ஷையும் பாருங்கள்.