பூதங்கள் மோதின, பிள்ளைகள் ஏன் பிரிந்தார்கள்?



உங்கள் வீட்டில் பத்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் ஓர் ஆண்பிள்ளை இருக்கிறானா? அப்படியானால் 'கொட்ஸில்லா', 'கொங்' என்ற இரண்டு பெயர்கள் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். ஒன்று, கடலிலிருந்து எழுந்து வந்து வாயால் நெருப்பைக் கக்கும் ராட்சதப் பிராணி. மற்றது, மலை போல வளர்ந்த குரங்கு. இரண்டும் சண்டை பிடித்தால் யார் வெல்வார்? இதுதான் நம் பிள்ளைகளின் பெரிய கேள்வி.

கேட்கச் சிரிப்பாக இருக்கிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது, அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள் வந்து உட்காரும் வரையில்.

நாங்கள் ஹட்டனில் கடை வைத்திருக்கும் குடும்பம். கீழே கடை, மேலே வீடு. என் மகன் எட்டாம் தரத்தில் படிக்கிறான். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் ஒரு பிள்ளை அவனுக்குக் கூட்டாளி. ஆறாம் தரத்திலிருந்து இருவரும் ஒரே வாங்கில்தான் இருக்கிறார்கள். பெருநாளைக்கு அந்தப் பிள்ளை எங்கள் வீட்டில் சாப்பிடுவான். தீபாவளிக்கு அவனுடைய தாய் முறுக்குக் கட்டி அனுப்புவாள். மழைக்காலத்தில் ரியூஷன் முடிந்து பஸ் பிந்தினால் எங்கள் அடுப்படியில்தான் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்பான்.

இரண்டு கிழமையாக அந்தப் பிள்ளையைக் காணவில்லை. "எங்கே உன்ட கூட்டாளி?" என்று கேட்டேன். மகன் பதில் சொல்லவில்லை. அன்று அஸருக்குப் பிறகு பக்கத்தில் உட்கார வைத்து மெதுவாகக் கேட்டேன். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் கொட்ஸில்லாக் கட்சி, கொங் கட்சி என்று இரண்டு அணி. என் மகன் கொட்ஸில்லா, கூட்டாளி கொங். முதலில் பகிடி. பிறகு "உனக்குப் படம் விளங்காது" என்ற பேச்சு. பிறகு ஏச்சு. கடைசியில் என் மகன் எல்லாரும் பார்க்க ஒரு சொல்லை எழுதியிருக்கிறான்: "தோட்டக்காட்டான்."

எனக்கு நெஞ்சு அடைத்துப் போயிற்று. குரங்குக்கும் பல்லிக்கும் நடந்த சண்டையில் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? அதைத் தேடித்தான் இந்தப் படங்களின் கதையைப் படித்தேன். படித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

சண்டை தொடங்கிய கதை

கிங் கொங் முதலில் வந்தது 1933இல், அமெரிக்கப் படமாக. கொட்ஸில்லா 1954 நவம்பரில் ஜப்பானில் பிறந்தது. அதன் பின்னால் ஓர் உண்மையான துயரம் இருக்கிறது. அந்த வருடம் மார்ச் 1ஆம் திகதி பசிபிக் கடலில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டொன்றை வெடித்துப் பரிசோதித்தது. அதன் நச்சுச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. படகில் இருந்தவர்கள் எல்லாரும் நோயுற்றார்கள். ஒருவர் சில மாதங்களில் இறந்தார். ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் மறக்காத மக்களுக்கு அது மறுபடியும் ஒரு அடி. அந்தப் பயத்தைத்தான் இயக்குநர் இஷிரோ ஹொண்டா ஒரு பிராணியாக்கிக் காட்டினார். இன்று நம் பிள்ளைகள் கைதட்டும் கொட்ஸில்லா, ஏழை மீனவர்களின் துன்பத்திலிருந்து எழுந்து வந்தது!

இரண்டு பூதங்களையும் முதலில் மோதவிட்டது 1962இல். ஜப்பானின் டோஹோ நிறுவனம் எடுத்த 'கிங் கொங் எதிர் கொட்ஸில்லா' என்ற படம். ஜப்பானில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட சீட்டுகள் விற்றன. இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். 1933 படத்துக் கொங், கொட்ஸில்லாவின் முழங்காலுக்கும் வராத குரங்கு. கொட்ஸில்லாவோ 50 மீற்றர். இப்படியிருந்தால் யார் காசு கொடுத்துச் சண்டை பார்ப்பார்கள்? ஆகவே கொங்கை 45 மீற்றருக்கு வளர்த்துவிட்டார்கள். நம் காலத்திலும் அதே கதைதான். 2017இல் வந்த படத்தில் சுமார் 100 அடியாக இருந்த கொங், 2021இல் 'கொட்ஸில்லா எதிர் கொங்' வந்தபோது 300 அடியைத் தாண்டிவிட்டது. போட்டி சமமாக இருந்தால்தானே வியாபாரம்!

யார்தான் வென்றது?

1962 படத்தின் முடிவில் இரண்டும் கடலில் விழுகின்றன. கொங் மட்டும் நீந்திக்கொண்டு போகிறது, கொட்ஸில்லாவைக் காணவில்லை. அவ்வளவுதான். ஆனால் ரசிகர்களிடையே வேறொரு கதை பரவியது. "அமெரிக்காவில் காட்டிய படத்தில் கொங் வெல்லும், ஜப்பானில் காட்டிய படத்தில் கொட்ஸில்லா வெல்லும், இரண்டு முடிவு எடுத்தார்கள்" என்றார்கள். அமெரிக்கச் சஞ்சிகைகள் இதை எழுதின. புகழ்பெற்ற கேள்வி-பதில் விளையாட்டொன்றின் அட்டையிலும் இது ஏறியது. பல வருடங்கள் படித்தவர்களும் நம்பினார்கள்.

உண்மையில் இரண்டு நாட்டுப் படத்திலும் முடிவு ஒன்றுதான். ஜப்பானியப் படத்தின் இறுதியில் இரண்டு பிராணிகளின் உறுமலும் கேட்கும். அமெரிக்கப் படத்தில் கொங்கின் உறுமல் மட்டும். வித்தியாசம் அவ்வளவே. தன் கட்சி வெல்ல வேண்டும் என்ற ஆசை இருந்தால் மனிதன் எதையும் நம்புவான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கேட்ட செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும் என்று மத்ரஸாவில் படித்த நம் பிள்ளைகளுக்கு இது ஒரு நல்ல பாடம்.

2021 படத்தில் கொட்ஸில்லா கொங்கை அடித்து வீழ்த்துகிறது. பிறகு இரண்டும் சேர்ந்து ஓர் இயந்திரப் பூதத்தை அழிக்கின்றன. 2024இல் வந்த அடுத்த படத்திலும் இரண்டும் ஒரே பக்கம் நின்று போராடுகின்றன. பூதங்கள் சமாதானமாகிவிட்டன, ரசிகர்கள்தான் இன்னும் ஆகவில்லை! 2023இல் ஜப்பானியர் தனியாக எடுத்த 'கொட்ஸில்லா மைனஸ் வன்' ஒஸ்கார் பரிசு பெற்றதும், "ஜப்பான் கொட்ஸில்லாதான் அசல், அமெரிக்கக் கொட்ஸில்லா போலி" என்று அதற்கும் ஒரு சண்டை.

இன்னொன்றையும் என் மகனுக்குச் சொன்னேன். 1962 படத்தில் கொட்ஸில்லா உடுப்புக்குள் இருந்தவர் ஹருவோ நகாஜிமா. கொங் உடுப்புக்குள் இருந்தவர் ஷோய்ச்சி ஹிரோஸே. பாரமான அந்த உடுப்புக்குள் விளக்குச் சூட்டில் வியர்த்து ஒழுகி, மல்யுத்தக்காரரைப் போல ஒருவரோடொருவர் பேசி வைத்துக்கொண்டு, ஒருவருக்கு அடிபடாமல் மற்றவர் பார்த்து நடித்தார்கள். திரையில் அடித்துக்கொண்டவர்கள் இருவரும் ஒரே இடத்தில் வேலை செய்த கூட்டாளிகள்!

நமக்கு இது புதிதா?

நம் உம்மாமாரைக் கேட்டுப் பாருங்கள். எம்.ஜி.ஆரா சிவாஜியா என்று இந்த மலைநாட்டில் எத்தனை சண்டை! எம்.ஜி.ஆர். 1917இல் பிறந்ததே நம் கண்டிச் சீமையில்தான். கேட்கவா வேண்டும்? நான் சிறுமியாக இருந்த காலத்தில், தீபாவளி நேரம் தோட்டங்களில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போடுவார்கள். அதில் ரஜினி படம் முதலா, கமல் படம் முதலா என்று ஆரம்பித்து லயமே இரண்டாகிப்போகும்.

எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த படம் ஒன்றே ஒன்றுதான்: 1954இல் வந்த 'கூண்டுக்கிளி'. கொட்ஸில்லா பிறந்த அதே வருடம்! படம் சரியாக ஓடவில்லை. அதன் பிறகு இருவரும் ஒரே படத்தில் சேரவே இல்லை. ரஜினியும் கமலும் தொடக்கத்தில் பல படங்களில் சேர்ந்து நடித்துவிட்டு, பிறகு தங்களுக்குள் பேசியே தனித்தனியாக நடிக்கத் தொடங்கினார்கள். விஜய்யும் அஜித்தும் கூட 1995இல் 'ராஜாவின் பார்வையிலே' படத்தில் சேர்ந்தே நடித்தவர்கள்தான். நடிகர்களுக்குள் பகையில்லை. பகையைச் சுமந்தவர்கள் படம் பார்த்தவர்கள்.

அந்தச் சுமை சில வீடுகளில் மையித்தாகவே வந்து இறங்கியது. 2020 ஏப்ரலில் தமிழ்நாட்டின் மரக்காணத்தில், கொரோனா நிவாரணத்துக்கு எந்த நடிகர் கூடக் கொடுத்தார் என்ற வாக்குவாதத்தில் ஓர் இளைஞர் தன் நண்பரின் கையாலேயே உயிரிழந்தார். 2023 ஜனவரி 11ஆம் திகதி 'துணிவு', 'வாரிசு' இரண்டும் ஒரே நாளில் வந்தபோது, சென்னையில் ஓடும் லொறியில் ஏறி ஆடிய இளைஞர் ஒருவர் விழுந்து இறந்தார். 2024 டிசம்பர் 4ஆம் திகதி ஹைதராபாத் தியேட்டர் ஒன்றில் 'புஷ்பா 2' பார்க்கப் போன ஒரு தாய் நெரிசலில் மிதிபட்டு இறந்தாள். அவளுடைய சின்ன மகன் உயிருக்குப் போராடினான். அந்தத் தாய் என்ன பாவம் செய்தாள்? பிள்ளை ஆசைப்பட்டான் என்று கூட்டிக்கொண்டு போனாள்.

அஜித் 2011இல் தன் ரசிகர் மன்றங்களையே கலைத்துவிட்டார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

கோபம் எங்கிருந்து வருகிறது?

சிந்தித்துப் பாருங்கள் சகோதரிகளே! பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டில் குரல் இல்லை. பள்ளியில் "வாயை மூடு" என்கிறார்கள். தன் பலத்தைக் காட்ட அவனுக்கு ஓர் இடம் வேண்டும். 300 அடிப் பூதத்தின் பக்கம் நின்றால் அவனும் 300 அடி வளர்ந்தது போல ஓர் உணர்வு. அந்தப் பூதத்தைக் குறை சொன்னால் தன்னையே சொன்னது போல நோகிறது. பூதத்தைப் பற்றிச் சொல்ல நியாயம் தீர்ந்துபோகும் இடத்தில், எதிரில் நிற்பவனின் ஊரை, சாதியை, சமயத்தை, தாய் தகப்பனின் தொழிலை இழுக்கிறான். அந்தச் சொற்கள் அவனுடையவை அல்ல. பெரியவர்களாகிய நம்மிடம் கேட்டுப் பொறுக்கியவை.

இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. கடையில் கணக்குப் பார்க்கும்போது நாமே எத்தனை தடவை அந்தச் சொல்லை லேசாகச் சொல்லியிருக்கிறோம்! மேலே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் காதில் அது விழாதா?

நாம் ஏசிய அந்த மக்கள் யார்? சுமார் 200 வருடங்களாக இந்த மலையைத் தோட்டமாக்கியவர்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் ஒரே நாளில் நாடற்றவர்களாக்கப்பட்டவர்கள். அவர்களுடைய சம்பளக் காசில்தான் நம் கடைகள் நிமிர்ந்தன. 2019 ஏப்ரலுக்குப் பிறகு பஸ்ஸிலும் வரிசையிலும் நம்மை எல்லாம் ஒரே சொல்லால் அடையாளம் காட்டியபோது எப்படி நொந்தோம்? அந்த நோவை அறிந்த நாம் இன்னொருவரை நோகடிக்கலாமா?

லயத்துக்குப் போனோம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். போனில் மன்னிப்புக் கேட்கிறேன் என்றான். "எல்லாரும் பார்க்க எழுதினாய், அவன் முகத்தைப் பார்த்துச் சொல்" என்றேன்.

அந்தத் தாய் இஸ்தோப்பில் படங்கைக் காயப் போட்டுக்கொண்டு நின்றாள். எங்களைக் கண்டதும் திகைத்துப்போனாள். "வாங்கக்கா, உள்ள வாங்க" என்று ஓடிப்போய்க் கதிரையைத் துடைத்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "புள்ள சொல்லலக்கா. ரெண்டு நாளா, நாம ஏம்மா தோட்டத்துல இருக்கோம்னு மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தான்."

சகோதரிகளே, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

மகன் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டான். அந்தப் பிள்ளை உடனே சிரித்துவிடவில்லை. "சரி" என்றான், அவ்வளவுதான். திரும்பும்போது அவனுடைய தாய் ஒரு பை நிறைய தோட்டத்துக் கீரையைக் கையில் திணித்தாள். நான்கைந்து நாள் கழித்து, ரியூஷன் விட்டு மழையில் நனைந்துகொண்டு அவன் எங்கள் அடுப்படிக்கு வந்து நின்றான். தேத்தண்ணியைக் கையில் கொடுத்தேன். "அன்ரி, எப்படியும் கொங்தான் வெல்லும்" என்றான். நானும் மகனும் சிரித்துவிட்டோம்.

நாம் என்ன செய்யலாம்?

படத்தைப் பற்றிக் கதைப்பதைத் தடுக்காதீர்கள். வாதாடப் பழகுவது நல்லது. ஆனால் ஓர் எல்லை போட்டுக் கொடுங்கள்: படத்தைக் குறை சொல்லலாம், எதிரில் இருப்பவனைச் சொல்லக் கூடாது. முகத்துக்கு முன் சொல்ல முடியாததைப் போனில் எழுதக் கூடாது. "இப்படியாம்" என்று கேட்டதை "இப்படித்தான்" என்று சொல்லக் கூடாது. வாரத்தில் ஒரு தடவையாவது பிள்ளையோடு உட்கார்ந்து அவன் பார்ப்பதை நீங்களும் பாருங்கள். அவனுடைய பூதத்தின் பெயர் உங்களுக்கும் தெரிந்திருந்தால் அவன் உங்களிடம் மறைக்க மாட்டான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அடுப்படியிலும் கடையிலும் நம் வாயிலிருந்து என்ன வருகிறது என்று கவனிப்போம். கொட்ஸில்லாவின் நெருப்பு திரையோடு நின்றுவிடும். நம் நாவிலிருந்து புறப்படுவதைப் பிள்ளை வெளியே கொண்டுபோய்விடுவான்.