மரபணு என்றாலே மரபுதானா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய எங்கள் பள்ளியில், பிள்ளைகளின் அப்பாக்கள் பலர் உருக்காலை, ரோலிங் மில், வெல்டிங் பட்டறை என்று எங்காவது ஷிப்ட் பார்ப்பவர்கள். பத்தாம் வகுப்பில் மரபியலை முடித்து, 'உடல்நலம் மற்றும் நோய்கள்' பாடத்தில் புற்றுநோய்ப் பகுதிக்கு வந்திருந்தேன். "மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் புற்றுநோய் உண்டாகிறது" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். மணி அடித்ததும் ஒரு மாணவன் என் பின்னாலேயே வந்தான்.

"சார், எங்க அப்பா உள்ளங்கால்ல கறுப்பா ஒரு மச்சம் இருக்கு. ஒரு வருஷமா பெருசாயிட்டே போகுது. அது கேன்சரா இருந்தா எனக்கும் வருமா சார்?"

அவனுக்குப் பாதிப் பயம் அப்பாவைப் பற்றி, பாதி தன்னைப் பற்றி. இரண்டாவது பயத்தை உண்டாக்கியவன் நான்தான். மெண்டலின் பட்டாணிச் செடியை வாரக்கணக்கில் நடத்திவிட்டு, அதே 'மரபணு' என்ற சொல்லைப் புற்றுநோய்க்கும் எழுதினால் பிள்ளை வேறு எப்படி நினைப்பான்? தமிழில் அந்தச் சொல்லுக்குள்ளேயே 'மரபு' உட்கார்ந்திருக்கிறது.

முதல் பயத்துக்குச் செய்ய வேண்டியதை அன்று மாலையே செய்தேன். அப்பாவிடம் போனில் பேசினேன். ஒரு நாள் கூலி போகும் என்று தயங்கினார். இரண்டு வாரம் கழித்து மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போனார். சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து, வெறும் மச்சம்தான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நம் தோலில் மெலனின் அதிகம் என்பதால் வெள்ளைத் தோல் உள்ளவர்களைவிட நமக்குத் தோல் புற்றுநோய் மிகக் குறைவு. ஆனால் நிறமிச் செல்களில் தோன்றும் மெலனோமா என்ற கொடிய வகை நம்மவர்களுக்கு வரும்போது, வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகக்கண் போன்ற இடங்களிலேயே பெரும்பாலும் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரலில் வந்தது; 1981இல் 36 வயதில் இறந்தார். எங்கள் பகுதிக்கு இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண் வந்தால் அதையும் காட்ட வேண்டும். ஆண்டுகள் பல கடந்த பிறகும் அங்கே புற்று தோன்றலாம். வெல்டிங் சுடரின் புற ஊதாக் கதிரை, கண்ணில் மெலனோமாவை உண்டாக்குவதாக 2017இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் சேர்த்தது. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் 'ஒரு நிமிஷ வேலைதானே' என்று பற்றவைப்பவர்களை நாம் தினமும் பார்க்கிறோம்.

இனி, மச்சத்தையும் புற்றையும் எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்பது. பிராஃப் என்று ஒரு மரபணு. அதில் ஒரே ஓர் எழுத்து மாறி, புரதத்தின் 600ஆவது இடத்தில் வாலினுக்குப் பதில் குளுட்டாமிக் அமிலம் வருவதை 2002இல் கண்டுபிடித்தார்கள். தோல் மெலனோமாக்களில் ஏறத்தாழப் பாதியில் பிராஃப் இப்படி மாறியிருக்கிறது. 'இதுதான் புற்றின் அடையாளம்' என்று சொல்லிவிடலாம் போலிருக்கிறதல்லவா? அடுத்த ஆண்டே, சாதாரண மச்சங்களில் பத்துக்கு எட்டில் அதே மாற்றம் இருப்பது தெரியவந்தது. எழுத்து மாறியும் அவை மச்சமாகவே நின்றுவிடுகின்றன. ஆக, எழுத்துப் பிழை மட்டும் போதாது. எந்த மரபணு வாசிக்கப்படுகிறது என்றும் பார்க்க வேண்டும். அதுதான் மரபணு வெளிப்பாடு.

1997இல் பெல்ஜியத்தில் ஆய்வாளர்கள் கண்டறிந்த ஒரு மரபணுவின் பெயர் பிரேம். (வகுப்பில் அந்தப் பெயரில் ஒருவன் உண்டு. அடுத்த ஐந்து நிமிடம் பாடம் நடக்கவில்லை.) இது எல்லாச் செல்களிலும் இருக்கிறது. ஆனால் விந்தகம் போன்ற ஒருசில இடங்களில்தான் நன்றாக வாசிக்கப்படுகிறது. தோலின் இயல்பான நிறமிச் செல்களில் பெரும்பாலும் மூடியே கிடக்கும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், சதைத் துணுக்குகளை நிறமேற்றிப் பார்த்தபோது, தோலில் தொடங்கிய மெலனோமாக்களில் சுமார் 83 சதவீதத்தில் பிரேம் புரதம் பரவலாக இருந்தது. மச்சங்களில் சுமார் 86 சதவீதத்தில் அறவே இல்லை. நூற்றுக்கு நூறு அல்ல என்பதைக் கவனியுங்கள்; நுண்ணோக்கியில் செல்லின் உருவத்தைப் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவருக்கு இது ஒரு துணைச் சான்றுதான்.

அமெரிக்காவில் ஓர் ஒட்டுப்பட்டையை மச்சத்தின் மேல் ஒட்டி உரித்து, அதில் வரும் செல்களின் ஆர்.என்.ஏ-வில் பிரேம் உட்பட இரண்டு மரபணுக்கள் வாசிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனையும் வந்தது. கத்தி வேண்டாம். ஆனால் அது உள்ளங்காலுக்கும் உள்ளங்கைக்கும் ஆகாது. நம்மவர்களுக்கு எங்கே தேவையோ அங்கே பயன்படாத கருவி!

இதை வகுப்பில் இப்படிச் செய்தேன். இருபது வரிகள் கொண்ட ஒரு தாளை எல்லோருக்கும் நகல் எடுத்துக் கொடுத்தேன். ஒரு வரிசை 'தோல் செல்'. அவர்கள் 3, 7ஆம் வரிகளை மட்டும் வாசிக்க வேண்டும். இன்னொரு வரிசை 'கண் செல்'. அவர்களுக்கு வேறு இரண்டு வரிகள். எல்லோர் கையிலும் இருப்பது ஒரே தாள், கேட்கும் குரல்தான் வேறு. பிறகு தோல் வரிசையில் ஒருவனை மட்டும் ரகசியமாக 14ஆம் வரியை வாசிக்கச் சொன்னேன். வாசலுக்கு வெளியே நின்ற மாணவி 'மருத்துவர்'. யாருடைய தாளையும் பார்க்காமல், காதால் கேட்டே அவனைக் கண்டுபிடித்துவிட்டாள். 14ஆம் வரிதான் குறிப்பான்.

அடுத்து, இன்னொருவன் தாளில் 7ஆம் வரியில் ஓர் எழுத்தைப் பேனாவால் மாற்றினேன். இது சடுதிமாற்றம். "அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு இந்தப் பிழை போகுமா?" என்று கேட்டேன். கொஞ்சம் சலசலப்பு. மூலப்படி என் பையில் இருந்தது, எடுத்துக் காட்டினேன். நகல் எடுப்பது இதிலிருந்துதான். உள்ளங்காலில் உள்ள ஓர் உடலச் செல்லில் நேர்ந்த பிழை இனச்செல்லுக்குப் போவதில்லை. என் பின்னால் வந்த மாணவன் மூன்றாவது பெஞ்சில் இருந்தான். அவனைப் பார்க்காமல்தான் இதைச் சொன்னேன். மூலப்படியிலேயே பிழையோடு வருவதும் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. புற ஊதாக் கதிரால் கெடும் டி.என்.ஏ-வைச் சரிசெய்ய முடியாத ஜீரோடெர்மா பிக்மென்டோசம் அப்படிப்பட்ட அரிய நோய்.

நான் எதிர்பார்க்காத கேள்வியை அந்த 'மருத்துவர்' மாணவிதான் கேட்டாள்: "எந்த வரிய வாசிக்கணும்னு செல்லுக்கு யாரு சார் சொல்றது?"

பன்னிரண்டாம் வகுப்பில் லாக் ஓபரான் வரும் வரை காத்திரு என்று சொல்ல மனம் வரவில்லை. மஞ்சள் நிற ஒட்டுச்சீட்டு ஒன்றைக் கிழித்து அவள் தாளின் 14ஆம் வரி மேல் ஒட்டினேன். செல் இப்படித்தான் சில மரபணுக்களின் மேல் மெத்தில் தொகுதிகளை ஒட்டி மூடி வைக்கிறது. பிரேமும் அப்படி மூடப்பட்டதுதான்; மெலனோமாவில் அந்த ஒட்டு விலகிவிடுகிறது. அவள் சீட்டை உரித்தாள், மறுபடி ஒட்டினாள், அடியில் எழுத்து ஏதும் மாறியிருக்கிறதா என்று தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.