‘ஹே ராம்’: ஒரு சாதாரண மனுஷன் எப்படிக் கும்பலாகிறான்?

வீக்கெண்டுல என்ன படம் பார்க்கலாம்னு கேட்டா, யாரும் ‘ஹே ராம்’னு சொல்ல மாட்டாங்க. மூணு மணி நேரத்துக்கு மேல ஓடும். நம்மில் பலர் பிறப்பதற்கு முன்னாடி, 2000 பிப்ரவரியில் கமல்ஹாசன் எடுத்த படம். ஆனாலும் ஒரு தடவை பாருங்க. ஏன்னு சொல்றேன்.

கதைக்குப் பின்னால் இருப்பது நிஜ வரலாறு. பாகிஸ்தான் கோரிக்கைக்காக 1946 ஆகஸ்ட் 16-ஐ ‘நேரடி நடவடிக்கை நாள்’ என்று முஸ்லிம் லீக் அறிவித்தது. கல்கத்தாவில் கலவரம் வெடித்தது. சில நாட்களில் இந்துக்களும் முஸ்லிம்களுமாக ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். படத்தில் சாகேத் ராம் என்ற தமிழனின் மனைவி அந்தக் கலவரத்தில் கொல்லப்படுகிறாள். வந்தவர்களில் ஒருவன் அவர்களுக்குத் தெரிந்த டெய்லர்.

இங்கேதான் கவனிக்கணும். ராம் முதல்லயே மதவெறியன் இல்லை. அவனுக்கு இருந்தது துக்கம். அந்த ஆத்திரத்தில் அவனும் துப்பாக்கியை எடுக்கிறான். பிறகு அபயங்கர் என்பவன் வந்து, எல்லாத்துக்கும் காரணம் காந்திதான்னு அந்தத் துக்கத்துக்கு ஒரு அட்ரஸ் எழுதிக் கொடுக்கிறான். ராம் காந்தியைக் கொல்ல தில்லிக்குக் கிளம்புகிறான். அவன் மனசை மாத்துறது யாருடைய அட்வைஸும் இல்லை. பழைய நண்பன் அம்ஜத்.

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல பாசிட்டிவ் ஃபீட்பேக் படிச்சோமே, அதேதான் இது. அங்கே நடந்த கொலை இங்கே வதந்தியாகி, இங்கே நடக்கிற கொலை அங்கே வதந்தியாகும். யாராவது நடுவுல வெட்டணும். 1948 ஜனவரி 30, காந்தி சுடப்பட்ட அன்று, கொன்றவன் ஒரு இந்து என்பதையும் சேர்த்தே அகில இந்திய வானொலி அறிவித்தது. அதைச் சொல்லாம விட்டிருந்தா அன்னிக்கு ராத்திரி என்ன ஆகியிருக்கும்னு யோசிங்க.

காந்தியை அவமதிக்குதுன்னு காங்கிரஸ்காரர்கள் படத்தை எதிர்த்தாங்க. முஸ்லிம்களைத் தப்பா காட்டுதுன்னும் விமர்சனம் வந்தது. வெறி பிடிச்சவன் கண் வழியாவே கதை நகர்றதால அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனா அதனாலதான் நாமும் அவன்கூடச் சேர்ந்து கோபப்படுறோம், அப்புறம் வெட்கப்படுறோம்.

‘அது கல்கத்தா கதை, நமக்கென்ன’ன்னு விட முடியாது. படம் ஆரம்பிக்கிறதே 1999 டிசம்பர் 6-ல், கலவரம் நடக்கிற சென்னையில். அது கற்பனை. இது நிஜம்: எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில், 2018 மே மாசம், பிள்ளை பிடிக்கிறவன்னு சந்தேகப்பட்டு ஒருத்தரைக் கும்பல் அடிச்சே கொன்னுச்சு. அதுல மதம்கூட இல்லை. வதந்தி மட்டும்தான்.

அந்தச் சமயத்துல அதே மாதிரி ஒரு வாய்ஸ் மெசேஜ் திருவொற்றியூர்ல எங்க தெரு குரூப்புக்கும் வந்தது. நான் அப்போ ஸ்கூல் பையன். அம்மா போன்ல இருந்து மூணு குரூப்புக்கு ஃபார்வர்ட் பண்ணேன். நல்லது பண்றேன்னுதான் நினைச்சேன். சாகேத் ராமும் அப்படித்தான் நினைச்சான்.

படத்தைப் பாருங்க. பார்த்துட்டு, நீங்க கடைசியா ஃபார்வர்ட் பண்ணின மெசேஜையும் ஒரு தடவை திறந்து பாருங்க.