தோற்றால் யாரைத் தூக்கலாம்?

பதினோரு பேரை மாற்ற முடியாது. முதலாளி தன்னை மாற்றிக்கொள்ள மாட்டார். மிஞ்சுவது பயிற்சியாளர். அமெரிக்க பேஸ்பாலில் நூறாண்டாகச் சொல்லப்படும் இந்த ஜோக்கை பெங்களூர் கடந்த பதினெட்டு ஆண்டுகளில் தன் சொந்த ஜோக்காகவே ஆக்கிக்கொண்டுவிட்டது.

2024 ஜூன் 29. பார்படாஸ் தீவில் இந்திய அணி இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றுவிட்டது. சலனமற்ற முகத்துக்குப் பெயர்போன ராகுல் டிராவிட், கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கிக் கத்துகிறார். பிறகு நிருபர்களைச் சந்திக்கிறார். அன்றோடு அவருடைய பயிற்சியாளர் ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த வாரத்திலிருந்து தனக்கு வேலை இல்லை, ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள் என்கிறார் சிரித்துக்கொண்டே. எல்லோரும் சிரிக்கிறார்கள்.

வேலை கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ராஜஸ்தான் ராயல்ஸ் அணி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. 2025 ஐபிஎல்லில் பத்து அணிகளில் ஒன்பதாவது இடம். ஆகஸ்ட் 30 அன்று அணி ஓர் அறிக்கை வெளியிட்டது. நிர்வாக அமைப்பைச் சீராய்வு செய்ததன் தொடர்ச்சியாக டிராவிட்டுக்கு 'இன்னும் விரிவான பொறுப்பு' தர முன்வந்தார்களாம். அவர் அதை ஏற்காமல் விலகுகிறாராம். நீக்கம் என்ற சொல் அறிக்கையில் எங்கும் இல்லை.

டிராவிட்டின் சொந்த ஊரான பெங்களூரில் இந்த நடைக்கு அகராதி தேவையில்லை. 'சீராய்வு', 'மறுசீரமைப்பு', 'புதிய வாய்ப்புகளைத் தேடிச் செல்கிறார்' என்ற சொற்களோடு வரும் மின்னஞ்சலைப் படித்துவிட்டு, மேசை மீதிருக்கும் காப்பிக் கோப்பையையும் குடும்பப் படத்தையும் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு வெளியேறியவர்கள் எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் ஏராளம். கையில் வேலையில்லாமல் அடுத்த புராஜெக்டுக்குக் காத்திருப்பதை அங்கே 'பெஞ்ச்' என்கிறார்கள். மைதானத்திலும் அதே சொல்தான், அதே கலக்கம்தான்.

இந்த ஜோக்கின் தாய்வீடு அமெரிக்கா. கிரிக்கெட்டில் பயிற்சியாளர் என்று சொல்லப்படுபவருக்கு பேஸ்பாலில் மேனேஜர் என்று பெயர். மேனேஜரை வேலைக்கு எடுப்பதே பிறகு தூக்குவதற்குத்தான் என்பது அங்கே பழமொழி. நியூயார்க் யாங்கீஸ் அணியின் முதலாளி ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர் அதை ஒரு கலையாகவே வளர்த்தார். பில்லி மார்ட்டின் என்ற ஒரே மனிதரை 1975க்கும் 1988க்கும் இடையே ஐந்து முறை மேனேஜராக்கினார். முதல் முறை மார்ட்டின் கண்ணீரோடு ராஜினாமா செய்தார். மற்ற நான்கு முறையும் முதலாளியே அனுப்பிவைத்தார். 1978இல் இருவரும் சேர்ந்து ஒரு பீர் விளம்பரத்தில் நடித்தார்கள். பீரைப் பற்றிய சண்டையில் முதலாளி 'உனக்கு வேலை போச்சு' என்பார், 'மறுபடியுமா?' என்பார் மேனேஜர். சொந்தக் காயத்தை விற்றுக் காசாக்கியவர்கள் வேறெங்கும் இருக்கிறார்களா தெரியாது.

ஆனால் அதே யாங்கீஸில் சிரிக்க முடியாத ஒரு கதையும் உண்டு. அணியின் பழம்பெரும் வீரர் யோகி பெர்ரா 1985இல் மேனேஜராக இருந்தார். 16 ஆட்டங்கள் முடிந்ததும் நீக்கிவிட்டார்கள். அந்த இடத்துக்கு வந்தவர், வேறு யார், பில்லி மார்ட்டின்தான். முதலாளி நேரில் சொல்லாமல் இன்னொருவர் மூலம் சேதி அனுப்பியதுதான் பெர்ராவுக்குப் பொறுக்கவில்லை. பதினான்கு ஆண்டுகள் யாங்கீஸ் மைதானத்தின் பக்கமே அவர் தலைவைத்துப் படுக்கவில்லை. 1999இல் ஸ்டைன்பிரென்னர் மன்னிப்புக் கேட்ட பிறகே திரும்பினார். வேலை போனதைவிடப் போன விதம்தான் வலிக்கிறது.

பெங்களூருக்கு இந்தப் பாடம் 2008 ஏப்ரல் 18 அன்று தொடங்கியது. ஐபிஎல்லின் முதல் ஆட்டம், சின்னசாமி அரங்கம். 11 கோடியே 16 லட்சம் டாலருக்கு விஜய் மல்லையா வாங்கிய ராயல் சேலஞ்சர்ஸ், கொல்கத்தாவுக்கு எதிராக 82 ரன்னில் சுருண்டது. எதிரணியின் பிரெண்டன் மெக்கல்லம் ஒருவர் மட்டும் எடுத்தது 158. டிராவிட், காலிஸ், கும்ப்ளே, வாசிம் ஜாஃபர், சந்தர்பால் என்று நிரம்பிய அணியை 'டெஸ்ட் அணி' என்று ரசிகர்கள் கேலி செய்தார்கள். தோல்விகள் தொடர்ந்தன. போட்டி பாதியில் இருக்கும்போதே, மே மாதம், அணியின் தலைமை நிர்வாகி சாரு சர்மாவின் வேலை போயிற்று.

சொந்தக் காரணங்களுக்காக அவர் விலகினார் என்றது அணி. இல்லை, நீக்கினார்கள் என்றார் சர்மா. தேர்வில் தலையிடாமல் சர்மாவையும் கேப்டன் டிராவிட்டையும் நம்பியதுதான் தன் தவறு என்று மல்லையா பகிரங்கமாகவே பேசினார். சர்மாவின் இடத்துக்கு பிரிஜேஷ் படேல் வந்தார். பந்து பழையபடியே பவுண்டரிக்குப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் 14 ஆட்டங்களில் 4 வெற்றி, எட்டு அணிகளில் ஏழாம் இடம்.

ஆளை மாற்றினால் ஆட்டம் மாறுமா? பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி 1988இல் இதற்கு மறக்க முடியாத பதில் தந்தது. சீசனின் முதல் ஆறு ஆட்டங்களில் தோல்வி. மேனேஜர் கால் ரிப்கன் சீனியரைத் தூக்கினார்கள். அவருடைய இரண்டு மகன்களும் அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். புதிய மேனேஜர் ஃபிராங்க் ராபின்சன் வந்தார். அவர் தலைமையில் அணி அடுத்த பதினைந்து ஆட்டங்களில் தோற்றது.

நெதர்லாந்தின் பொருளாதார ஆய்வாளர் பாஸ் டெர் வீல், அந்நாட்டுக் கால்பந்து லீகின் 1986 முதல் 2004 வரையிலான முடிவுகளை அலசினார். தொடர்ந்து தோற்றுப் பயிற்சியாளரை நீக்கிய அணிகள் பிறகு மெல்ல எழுந்தன. சுவாரசியம் என்னவென்றால், அதேபோலத் தோற்றும் யாரையும் நீக்காத அணிகளும் ஏறக்குறைய அதே வேகத்தில் எழுந்தன. வைத்தியம் செய்தால் ஒரு வாரம், செய்யாவிட்டால் ஏழு நாள் என்று ஜலதோஷத்துக்குச் சொல்வார்களே, அந்தக் கணக்கு.

ஆனாலும் வைத்தியம் நிற்கவில்லை. பெங்களூர் கால்பந்துக் கழகத்துக்கு 2018-19 சீசனில் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்று தந்தவர் ஸ்பெயின் நாட்டுப் பயிற்சியாளர் கார்லஸ் குவாட்ராட். தொடர் தோல்விகளுக்குப் பிறகு 2021 ஜனவரியில் அவர் வெளியே. 2023 டிசம்பரில் சொந்த மண்ணான கண்டீரவா அரங்கில் மும்பையிடம் 0-4 என்று தோற்றதும் சைமன் கிரேசன் வெளியே.

இந்திய மகளிர் கிரிக்கெட்டில் இது நாற்காலி விளையாட்டாகவே நடந்தது. 2018இல் ரமேஷ் பவாரின் பதவிக்காலம் சர்ச்சையில் முடிந்தது, சென்னைக்காரர் டபிள்யூ.வி. ராமன் வந்தார். 2020இல் அணியை இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். 2021இல் ராமன் வெளியே, மீண்டும் பவார் உள்ளே. 2022 டிசம்பரில் பவாரும் வெளியே. 'மறுசீரமைப்பின்' கீழ் அவரை பெங்களூர் தேசிய கிரிக்கெட் அகாடமிக்கு மாற்றியது கிரிக்கெட் வாரியம்.

சுற்றிவளைக்காமல் பேசிய ஒருவரும் பெங்களூரிலிருந்துதான் வந்தார். அனில் கும்ப்ளே இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்த ஓராண்டில் 17 டெஸ்ட்களில் 12 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. ஆனாலும் 2017 ஜூன் 20 அன்று ராஜினாமா செய்தார். தன் பாணி கேப்டனுக்குப் பிடிக்கவில்லை என்பதை வாரியம் முந்தைய நாள்தான் தனக்கு முதல்முறையாகத் தெரிவித்தது என்று வெளிப்படையாகவே எழுதினார். அணிக்கு முன்னால் கண்ணாடியைப் பிடிப்பது போன்றதுதான் பயிற்சியாளரின் வேலை என்பது அவர் கருத்து. கண்ணாடியைப் பிடித்தவரைத்தான் மாற்றினார்கள், முகத்தை அல்ல.

யாராலும் தூக்க முடியாத மேனேஜர் பேஸ்பால் சரித்திரத்திலும் ஒருவர் உண்டு. 1901 முதல் 1950 வரை, ஐம்பது சீசன்கள், ஃபிலடெல்ஃபியா அதலெடிக்ஸ் அணியை நடத்திய கானி மேக். தோல்விகளுக்கும் குறைவில்லை. ரகசியம் எளியது. அந்த அணியில் அவருக்கும் பங்கு இருந்தது. சொந்தக் கடையில் யார் சீட்டைக் கிழிப்பது?

ஆனால் பெங்களூரில் முதலாளிக்கும் முறை வந்தது. கடன் விவகாரங்கள் சூழ்ந்த நிலையில் 2016 பிப்ரவரியில் யுனைடெட் ஸ்பிரிட்ஸ் நிறுவனத்தின் தலைவர் பதவியிலிருந்து மல்லையா இறங்கினார். விலகுவதற்கு ஈடாக 7.5 கோடி டாலர் பேசப்பட்டிருந்தது. மார்ச் மாதம் நாட்டைவிட்டே போனார். அவருடைய கிங்ஃபிஷர் விமான நிறுவனம் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியிருந்தது. பல மாதச் சம்பளம் வராமல் தெருவில் நின்ற அதன் ஊழியர்களுக்கு 'விரிவான பொறுப்பு' எதையும் யாரும் தர முன்வரவில்லை. டிராவிட்டின் ஜோக்குக்குச் சிரிக்க முடிவது, அவருக்கு அடுத்த வேலை நிச்சயம் என்று தெரிவதால்தான். அடுத்த மாத வாடகையை எண்ணிக்கொண்டு அதே ஜோக்கைச் சொல்பவரின் சிரிப்பு வேறு மாதிரி இருக்கும்.

ஆட்டக்காரர்களின் நிலையும் நிம்மதியானதல்ல. பீதரில் பிறந்து தமிழ்நாட்டுக்கு ஆடும் வருண் சக்ரவர்த்தியை 2019 சீசனுக்காக பஞ்சாப் அணி 8.4 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஒரே ஒரு ஆட்டத்தோடு அனுப்பிவிட்டது. அவர்தான் 2025இல் சாம்பியன்ஸ் கோப்பை வென்ற இந்திய அணியின் முக்கியச் சுழற்பந்து வீச்சாளர். 2011 ஏலத்தில் யாருமே கேட்காத கிறிஸ் கெய்ல், காயமடைந்த ஒருவருக்கு மாற்றாக பெங்களூருக்கு வந்து முதல் ஆட்டத்திலேயே சதம் அடித்தார். அந்த ஆண்டு ஐபிஎல்லில் அதிக ரன்களும் அவருடையதுதான்.

2022 பிப்ரவரியில் பெங்களூரில் ஐபிஎல் பெரு ஏலம் நடந்தது. முதல் நாளே ஏலம் விட்டுக்கொண்டிருந்த ஹியூ எட்மீட்ஸ் மேடையில் மயங்கி விழுந்தார். அவசரத்துக்கு ஒருவரைத் தேடினார்கள். சுத்தியலைப் பிடிக்க ஓடிவந்தவர், பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இதே ஊரின் அணி அனுப்பிவைத்த சாரு சர்மா. ஆளை விலை பேசும் மேடையில், வேலை போன ருசி தெரிந்தவர்.

அதே ஏலத்தில் 20 லட்ச ரூபாய் அடிப்படை விலையில் நின்ற ஒரு மத்தியப் பிரதேச இளைஞரை எந்த அணியும் எடுக்கவில்லை. முந்தைய ஆண்டு பெங்களூரில் இருந்து விடுவிக்கப்பட்டவர்தான் அவர். ரஜத் படிதார் என்று பெயர். சீசன் நடுவே ஒரு வீரர் காயமடைந்ததும் பெங்களூர் அணி தொலைபேசியில் கூப்பிட்டது. மே மாதம் வைத்திருந்த திருமணத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்து, லக்னோவுக்கு எதிரான எலிமினேட்டரில் ஆட்டமிழக்காமல் 112 ரன் எடுத்தார். 2025இல் அவரே கேப்டன்.

2009 இறுதி ஆட்டத்தில் பெங்களூர் அணி 6 ரன்னில் தோற்றிருந்தது. 2025 ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் பஞ்சாபை அதே 6 ரன்னில் வென்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஜென்னிங்ஸ், வெட்டோரி, கிர்ஸ்டன், காட்டிச், ஹெஸ்ஸன், பாங்கர், ஃப்ளவர் என்று ஏழு பேர் பயிற்சியாளர் நாற்காலியைப் பார்த்துவிட்டார்கள். 'ஈ சலா கப் நம்தே', இந்த வருஷம் கப் நமதே, என்ற ரசிகர்களின் முழக்கம் மட்டும் பலிக்கும்வரை வேலையை விடவில்லை.

மறுநாள் சின்னசாமி அரங்கின் வாசல்களில் வெற்றி விழாக் கூட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அதில் சிரிக்க எதுவும் இல்லை. ஆனால் அடுத்து நடந்தது பழக்கப்பட்ட காட்சி. அடுத்த நாளே மாநகரக் காவல் ஆணையர் உள்ளிட்ட அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். ஜூலை இறுதியில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. யார், எங்கே, எப்படித் தவறினார்கள் என்று கண்டுபிடிக்க நாளாகும். ஒருவரை வெளியே அனுப்ப ஒரு தாள் போதும். மைதானத்தில் கற்ற வித்தையை அரசும் அறியும்.

சிரிக்கத் தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே அட்டைப்பெட்டியைத் தூக்குகிறார்கள். ஏலத்தில் யாரும் கேட்காதவர் கோப்பையைத் தூக்கியிருக்கிறார் என்ற சேதி மட்டும் அவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெங்களூர்க்காரரும் அதனால்தான் தொலைபேசியை அணைத்து வைப்பதில்லை.