நெஞ்செரிச்சலும் கூட்டு மருந்துகளும்

பெங்களூர் அல்சூரில் பல ஆண்டுகள் மருந்துக்கடையில் பணிபுரிந்தவன் நான். "கேஸ் மாத்திரை ஒரு அட்டை கொடுங்கள்" என்று யாரேனும் கேட்டு வராத நாளே கிடையாது. சில வீடுகளில் காபித்தூளுக்கு அடுத்தபடியாக அது மாதச் சாமான் பட்டியலிலேயே இடம்பிடித்துவிட்டது. ஆகவே அதைப் பற்றிச் சில விவரங்களை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இரைப்பையின் உட்சுவர் அமிலத்தைத் தாங்கும்; உணவுக்குழாயின் உட்படலம் தாங்காது. இடையிலுள்ள தசை வளையம் தளர்ந்தால் அமிலம் மேலேறிப் படலத்தைப் புண்ணாக்குகிறது. ஆண்டுக்கணக்கில் இது நீடித்தால் சிலருக்குப் படலத்தின் தன்மையே மாறிவிடும். இதனை 'பாரெட் உணவுக்குழாய்' என்பர். இவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குப் பின்னாளில் புற்றுநோய் வரக்கூடும்.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வேலை, ஒரு நேரம் உண்டு. பான்டோப்ரஸோல், ஒமிப்ரஸோல் போன்றவை அமிலம் சுரப்பதையே குறைப்பவை. உணவுக்கு அரை மணி நேரம் முன்னதாகச் சாப்பிட்டால்தான் முழுப்பலன். ஆல்ஜினேட் திரவம் இரைப்பையிலுள்ள உணவின் மேல் மிதந்து மூடிபோல் தடுக்கும். ஆகவே உணவுக்குப் பின்பும் படுக்கும் முன்பும் அருந்த வேண்டும். சுக்ரால்ஃபேட் புண்ணின் மேல் பூச்சாக ஒட்டிக்கொள்வது. வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டியது. அது வேறு சில மருந்துகள் உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால், தைராய்டு மாத்திரை சாப்பிடுவோர் இடைவெளி விடவேண்டும்.

நம் ஊரில் அதிகம் விற்கும் கேப்ஸ்யூலில் பான்டோப்ரஸோலுடன் டோம்பெரிடோன் சேர்ந்திருக்கும். டோம்பெரிடோன் அமிலத்தைக் குறைப்பதில்லை; உணவை இரைப்பையிலிருந்து கீழே நகர்த்துகிறது. இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கக்கூடும் என்பதால், 2014-இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதனைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், அதுவும் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கே தரும்படி அறிவுறுத்தியது. முதியோரும் இதய நோயாளிகளும் இதனை மருத்துவரைக் கேளாமல் தொடர்வது ஆபத்து. இதயத்துக்காகக் குளோபிடோக்ரெல் சாப்பிடுவோருக்கு ஒமிப்ரஸோல் ஒத்துவராது. அம்மருந்தின் பலனை அது குறைத்துவிடும்.

மருந்துகளைச் சேர்த்துத் தருவதே தவறு என்பதல்ல. 2018-இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பிரிட்டனிலும் கனடாவிலும் பாரெட் நிலையிலிருந்த 2557 பேரைச் சுமார் ஒன்பது ஆண்டுகள் கவனித்தார்கள். எசோமெப்ரஸோலை அதிக அளவில் ஆஸ்பிரினுடன் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கே பலன் சிறப்பாக இருந்தது. ஆனால் அது எண்டோஸ்கோபி செய்து, மருத்துவர் கண்காணிப்பில் தரப்பட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக ஆஸ்பிரின் வாங்க வேண்டாம். அது இரைப்பையில் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடியது.

விழுங்குவதில் சிரமம், காரணமின்றி எடை குறைதல், இரத்த வாந்தி, கருநிற மலம் இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். நெஞ்சுவலியுடன் வியர்வையும் மூச்சுத்திணறலும் வந்தால் 'கேஸ்' என்று காத்திராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். வீட்டில் பல மாதங்களாக ஒரே அட்டை வாங்கப்படுகிறதென்றால், அதனையும் மற்ற மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். எது தேவை, எது வேண்டாம் என்பதை அவர் சொல்வார்.